வாதிடக் கற்றுத்தர ஒரு பஸ் போதும்

முதல் மனுவில் ‘தயவுகூர்ந்து’ என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. ‘ஏழை எளிய மாணவர்கள்’ மூன்று இடங்களில். முடிவில் நான்கு வரிக் கவிதை. பஸ் நேரம் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி, 61 பேர் கையெழுத்துப் போட்டு, பஸ் பணிமனைக்குத் தபாலில் அனுப்பினார்கள். பதில் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான், கிளை மேலாளரைப் பார்த்து மனு வந்ததா என்று கேட்டேன்.

“வந்தது சார். முழுவதும் படித்தேன். நான் என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை” என்றார்.

வழியெல்லாம் அவர் மேல் கோபமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நகலை எடுத்துப் படித்தேன். எந்த வழித்தடம் என்று அதில் இல்லை. இப்போது எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் இல்லை. அந்த மனுவைத் திருத்திக் கொடுத்தவன் நான். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பார்த்திருந்தேன்.

நான் தமிழாசிரியன். திண்டுக்கல் மாவட்டத்தில், மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளி. 26 ஆண்டுகளில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பேச்சாளர்களை உருவாக்கியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் நெட்டுருப் போட்டார்கள், அவ்வளவுதான். பட்டிமன்றத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பவன் நான். ஆனால் அங்கே எதிரணிக்காரர் மனம் மாறிவிட்டால் நிகழ்ச்சியே நின்றுபோகும். கைதட்டுகிற கூட்டத்திடம் பேசுவது வேறு. ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆளிடம் பேசுவது வேறு. இரண்டாவதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை என்பது அந்த மேலாளர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

மறு ஆண்டு அதே பஸ்ஸை எடுத்துக்கொண்டு, எட்டு வாரச் செயல்திட்டமாக மறுபடியும் செய்தோம். எப்படிச் செய்தோம், எங்கெங்கே சறுக்கினோம் என்பதை மற்ற ஆசிரியர்களுக்கும் தாமாகவே முயன்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

பொருளைத் தேர்வது

‘கைப்பேசி நன்மையா தீமையா’ வேண்டாம். ‘நெகிழியை ஒழிப்போம்’ வேண்டாம். எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைப் பற்றி வாதிடுவது சுவரில் பந்தடிப்பது மாதிரி. நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் சோதனை ஒன்றுதான்: இதைச் செய்யலாம் அல்லது செய்ய முடியாது என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒரு மனிதர், நாம் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா? ஊர்ப்புற நூலகம் திறக்கும் நேரம், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது, குடிநீர்க் குழாயை எந்த மூலையில் வைப்பது, இவையெல்லாம் தேறும். இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்தக் கோரிக்கையால் யாராவது ஒருவருக்கு உண்மையாகவே சிரமம் வர வேண்டும். யாருக்கும் நட்டமில்லாத கோரிக்கையில் கற்க ஒன்றுமில்லை.

எங்கள் பொருள் இது. நகரத்திலிருந்து 3.30-க்குப் புறப்படும் டவுன் பஸ், எங்கள் பள்ளி நிறுத்தத்தை 4.05-க்குக் கடந்து, அதற்கு அப்பால் உள்ள மூன்று சிற்றூர்களுக்குப் போகும். பள்ளி விடுவது 4.20. அடுத்த பஸ் 5.50. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் புளியமரத்தடியில் நிற்பார்கள். மழைக்காலத்தில் வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

யார் கையில் இருக்கிறது

பிள்ளைகளைக் கேட்டால் முதலமைச்சருக்கு எழுதலாம் என்பார்கள். எந்த வகுப்பிலும் இதுதான் முதல் பதில். மறுக்காமல், “சரி, அதற்கு முன் ஓட்டுநரைக் கேட்டுவிட்டு வாருங்கள்” என்று அனுப்பினேன். ஓட்டுநர் நடத்துநரைக் காட்டினார். நடத்துநர், “என் கையில் இல்லை தம்பி, நேரக் காப்பாளர் எழுதுவதுதான்” என்றார். பேருந்து நிலையத்து நேரக் காப்பாளர், தாளில் இருப்பதைத் தாம் குறித்துக்கொள்வதோடு சரி, மாற்றுவதென்றால் கிளை மேலாளர் மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்றார். இந்த அலைச்சலுக்கு ஒரு வாரம் ஆயிற்று. வீண் என்று தோன்றும், வீணில்லை. ஒவ்வொருவரும் அனுப்பிவைக்கும்போது தம் கவலை ஒன்றையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கவலைகள்தான் பிறகு எங்களுக்குச் சரக்காயின.

உங்கள் பொருள் ஊராட்சியின் கையில் இருப்பது என்றால் கிராம சபையைக் குறிவையுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதன் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தாம். 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அங்கே வாக்கில்லை. இது குறையல்ல, பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு. தமக்காகப் பேச ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ முதலில் இணங்க வைக்க வேண்டியிருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் அங்கே போனால், கீழே முடிவெடுக்கக்கூடியவருக்கு நம் மேல் எரிச்சல்தான் மிஞ்சும்.

புகை, நெருப்பு, அடுக்களை

வாதத்தின் எலும்புக்கூட்டைச் சொல்லிக்கொடுக்க நான் வெளியே எங்கும் போகவில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு அளவை நூல் (தருக்கம்) சொல்லிக்கொடுக்கிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம் (நிலைநாட்ட வேண்டிய கூற்று). புகையுடைத்து ஆதலால் என்பது ஏது (காரணம்). அடுக்களை போல் என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இவற்றோடு உபநயம், நிகமனம் என்று இரண்டு உண்டு. அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று சொல்லி மூன்றாகச் சுருக்கிவிடுகிறார். ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று போதும். அடுக்களை என்று கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். மலையில் தெரியும் புகைக்குச் சான்றாக வீட்டு அடுப்பைக் காட்டியிருக்கிறார், பாருங்கள். கேட்பவர் தினமும் கண்ணால் பார்ப்பதைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் திட்டாந்தம் என்றேன். சிரிப்பு நின்று குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள்.

நோட்டில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் பக்கம், ஒரே வாக்கியம். ‘எங்கள் கோரிக்கையை நிறைவேற்ற வேண்டும்’ என்று எழுதினால் அடித்துவிடுவேன். கடிகார நேரம் அதில் இருக்க வேண்டும். “பள்ளி வேலை நாட்களில் இந்த நடை எங்கள் நிறுத்தத்துக்கு 4.05-க்குப் பதிலாக 4.25-க்கு வர வேண்டும்.” இந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பாடவேளை செலவானது.

இரண்டாம் கட்டம் ஏது. இங்கேதான் முதல் அடி விழுந்தது. ‘நேரத்தை மாற்றினால் பயணிகள் கூடுவார்கள், வசூலும் கூடும்’ என்று எழுதி வந்தார்கள். அதிகாரிக்குப் பிடிக்கும் காரணமாகப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “ஐயா, நாம் எல்லோரும் இலவச பஸ் பாஸில்தானே போகிறோம்?” என்றாள். வகுப்பு அமைதியானது. அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கும் கட்டணமில்லை. அந்த நேரத்தில் அந்த நடையில் ஏறுபவர்களில் டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஏதுப்போலி என்று அறவண அடிகள் சொல்வது இதைத்தான்: பார்க்கக் காரணம் போலிருக்கும், முட்டுக் கொடுத்தால் தாங்காது.

அப்படியானால் மேலாளருக்கு உண்மையில் எது உறுத்தும்? அலைச்சல் வாரத்தில் நடத்துநர் சொல்லியிருந்தது ஒருவனுக்கு நினைவு வந்தது. 5.50 பஸ்ஸில் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குகிறார்கள், தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம் என்று. ஒரு பஸ் காலியாகப் போகிறது. அடுத்ததில் பிள்ளைகள் படியில் தொங்குகிறார்கள். இரண்டும் ஒரே பணிமனையின் வண்டிகள். இது எங்கள் கஷ்டம் மட்டுமல்ல, அவருடைய கவலையும்கூட. ஏது கிடைத்துவிட்டது.

மூன்றாம் கட்டமான திட்டாந்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதிலும் அடி வாங்கினோம்.

எண்ணுங்கள்

“எத்தனை பேர் காத்திருக்கிறீர்கள்?”

“நூறு பேர் இருப்போம் ஐயா.”

எண்ணினால் 38. நூறு என்றே எழுதுவோம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டு பேர் வாதாடினார்கள். நடத்துநர் தினமும் பார்க்கிறார் என்றேன். 38 என்பது அவர் வாயிலிருந்தும் 38 என்றே வரும். நூறு என்றால் அங்கேயே நாம் சொன்ன மற்ற எல்லாம் பொய்யாகிவிடும்.

பத்து வேலை நாட்கள் எண்ணச் சொன்னேன். 4.05 பஸ் எங்கள் நிறுத்தத்தைக் கடக்கும்போது உள்ளே எத்தனை பேர், 5.50 பஸ் வந்து நிற்கும்போது எத்தனை பேர், படியில் எத்தனை பேர். முதல் வாரக் கணக்கைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. அந்த வாரம் இரண்டு முகூர்த்த நாட்கள், 4.05 பஸ் கல்யாண வீட்டுக் கூட்டத்தோடு பிதுங்கி வந்தது. தவிர, ஒரு பையன் மூன்று நாட்களை வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியிருந்தான். எல்லா நாளும் பன்னிரண்டு என்று போட்டிருந்ததில் மாட்டிக்கொண்டான். பிறகு விதி வைத்தோம்: இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் முன்வாசல் பக்கம், ஒருவர் பின்வாசல் பக்கம், அங்கேயே ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். முகூர்த்தம், திருவிழா, மழை எதுவானாலும் ஓரத்தில் குறிக்க வேண்டும். 4.05 பஸ் எங்களைக் கடக்கும் நேரத்தில் சில வகுப்புகளில் பாடம் நடந்துகொண்டிருக்கும் என்பதால், தலைமையாசிரியை தினமும் இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் அனுமதி தந்தார். கேட்டுத்தான் வாங்கினார்கள், நான் தலையிடவில்லை.

வந்த கணக்கு: 4.05 பஸ்ஸில் சராசரியாக 9 பேர். 5.50 பஸ்ஸில் எங்கள் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்பே 46-க்குக் குறைந்ததில்லை. பத்து நாட்களில் ஏழு நாட்கள் படியில் ஆள் நின்றிருக்கிறார்கள். ‘ஏழை எளிய மாணவர்கள்’ செய்யாத வேலையை இந்த மூன்று வரிகள் செய்தன.

எதிர்ப்பக்கத்தை அவர்கள் வாயால் சொல்லவைப்பது

எட்டு வாரத்தில் எதையாவது விட வேண்டும் என்றால் மற்றதை விடுங்கள், இதை விடாதீர்கள்.

நன்னூலில் பவணந்தி ஏழு வகை மதம் சொல்கிறார். மதம் என்றால் அங்கே சமயமில்லை, கொள்கை. உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது, மூன்றாவது ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’. அடுத்தவர் சொல்வதை முதலில் ஏற்று நின்று, பிறகு அதை நீக்குவது. இதை நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு மதிப்பெண் வினாவாக நடத்தியிருக்கிறேன். செய்து பார்த்தது இந்தச் செயல்திட்டத்தில்தான்.

விதி எளிது. நம் கோரிக்கை நிறைவேறினால் யாருக்குச் சிரமமோ அவரைத் தேடிப் போங்கள். அவருடைய பக்கத்தை உங்கள் சொற்களில் அவரிடமே சொல்லுங்கள். “ஆமாம், இதைத்தான் சொன்னேன்” என்று அவர் சொல்லும்வரை உங்கள் பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

4.05 பஸ் கடைசி நிறுத்தத்துக்கு 4.25-க்குப் போய், 12 நிமிடம் நின்று, 4.37-க்குத் திரும்பி, 5.30-க்கு நகரம் சேரும். அந்தத் திரும்பும் நடையில் பூக்கட்டும் பெண்கள் ஏழெட்டுப் பேர் சரத்தைக் கூடையில் வைத்து எடுத்துப் போகிறார்கள் என்று எண்ணப் போன இருவர் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாணவிகளை அனுப்பினேன். அவர்கள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

திண்ணையில் ஒரு பாட்டி பூக் கட்டிக்கொண்டிருந்தார். “பாட்டி, பஸ் பிந்தினால் உங்களுக்கு வீடு திரும்ப நேரமாகிவிடும், அதுதானே?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“அது இல்லை பாப்பா. நான் திரும்புவது எட்டு மணி வண்டியில்.”

“அப்படியானால் அங்கே உட்கார இடம் கிடைக்காதா?”

“அதுவும் இல்லை. இந்த மொட்டைப் பார். சாயங்காலம் ஆனால் வாய் திறக்கும். மொட்டாகக் கொண்டுபோனால் கடைக்காரர் ஒரு விலை எடுப்பார். விரிந்துவிட்டால் அவர் சொல்வதுதான் விலை. கோயிலில் விளக்கு வைப்பதற்கு முன் நான் கடையில் இருக்க வேண்டும்.”

இரண்டாம் முறையும் ஏதோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் முறை, “பஸ் இருபது நிமிடம் பிந்தினால் பூ விரியத் தொடங்கும், கடைக்காரரும் அதற்குள் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார், மிஞ்சியதை அவர் கேட்ட விலைக்குத் தர வேண்டும்” என்று சொன்னபோது பாட்டி கையை நிறுத்திவிட்டு, “ஆமாம் கண்ணு, அதைத்தான் சொல்கிறேன்” என்றாராம். ஆளுக்கு ஒரு முழம் பூவும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மறுநாள் வகுப்பில் அந்த இருவரில் ஒருத்தி எழுந்து, “ஐயா, நாம் கேட்பது தப்பு” என்றாள். பையன்கள் கொதித்துவிட்டார்கள். “நீ யார் பக்கம்?” என்று ஒருவன் கேட்டான். அவள் தலையில் அந்தப் பூ வேறு இருந்தது. அதையும் சொல்லிக் காட்டினான். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கரும்பலகைக்குப் போய் 3.30, 4.05, 4.25, 4.37, 5.30 என்று வரிசையாக எழுதி, “இருபது நிமிடத்தை முழுவதும் பாட்டி தலையில் கட்டாமல் எங்கெல்லாம் பிரிக்கலாம் என்று பார்ப்போம்” என்றாள்.

அடுத்த இரண்டு பாடவேளையில் நான் தமிழ் நடத்தவில்லை. கடைசி நிறுத்தத்தில் நிற்கும் 12 நிமிடத்தில் கொஞ்சம் எடுக்கலாம். பள்ளி காலையில் பத்து நிமிடம் முன்பாகத் தொடங்கி 4.10-க்கு விட்டால் அங்கே பத்து நிமிடம் கிடைக்கும். பஸ் 4.17-க்கு வந்தால் போதும். கடைசி நிறுத்தம் 4.37, ஏழு நிமிடம் நின்று 4.44-க்குத் திரும்பினால் நகரத்துக்கு 5.37. பாட்டிக்கு ஏழு நிமிடம் நட்டம், இருபது இல்லை. கோரிக்கை வாக்கியத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள்.

ஆக, முதலில் இணங்க வைக்க வேண்டியவர் மேலாளர் அல்ல, எங்கள் தலைமையாசிரியை. அவருடைய பக்கத்தையும் போய்ச் சொல்லிக் கேட்டார்கள்: காலையில் தொலைவிலிருந்து வரும் இரண்டு ஆசிரியைகள், பிரார்த்தனை நேரம், மதிய உணவு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி மணியை மாற்ற ஒப்புதல் வாங்க மூன்று வாரம் பிடித்தது. நாங்களும் எங்கள் பக்கத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்ல முடிந்தது பின்னால் எவ்வளவு உதவியது என்பதை மேலாளர் முகத்தில் பார்த்தேன்.

இதில் என் தவறு ஒன்று. பூக்காரப் பெண்களை நினைத்த நான், நடத்துநரை மறந்துவிட்டேன். அந்த 12 நிமிடம் டீ குடிக்கத்தான் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் நடைக் கணக்கை முடிக்கிறேன் என்று அவர் சொன்னபோது மனு எழுதி முடித்தாயிற்று. ஏழு நிமிடம் போதுமா என்று கேட்டதற்கு, “டீயை ஆற்றாமல் குடிக்க வேண்டியதுதான்” என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஒத்திகைக்கு ஒரு கறாரான ஆள்

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் இருக்கிறார். அவரை மேலாளராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம். நானே உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் மேல் பாவம் பார்த்திருப்பேன். அவர் பார்க்கவில்லை.

திட்டாந்தம் அவரிடம்தான் சிதறியது. “அடுத்த ஊரில் கல்லூரிக்காக நேரம் மாற்றிக் கொடுத்தார்கள்” என்று பெருமையாகச் சொன்னார்கள். “அந்த ரோட்டில் அரை மணிக்கு ஒரு வண்டி ஓடுகிறது. ஒன்றை நகர்த்தினால் யாருக்கும் தெரியாது. உங்கள் ரோட்டில் இருப்பதே நாலு நடை” என்றார். திட்டாந்தப்போலி. அடுக்களைக்கும் மலைக்கும் பொதுவாகப் புகை இருக்கிறது. இந்த இரண்டு வழித்தடங்களுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு இன்னொன்று கண்டுபிடித்தார்கள். முந்தைய டிசம்பரில் வாய்க்கால் பாலம் வேலை நடந்தபோது இதே பஸ் மூன்று வாரம் பிந்தித்தான் வந்தது. அந்த மூன்று வாரமும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதிலேயே ஏறிப் போனார்கள். புளியமரத்தடி காலியாக இருந்தது. எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரர் அதற்குச் சாட்சி. அந்த வாரங்களில் தமக்கு மாலை வியாபாரமே இல்லை என்று குறைபட்டுக்கொண்டார். அதே வண்டி, அதே ரோடு. இதற்கு மேல் அடுக்களை வேண்டுமா?

பேச யாரை அனுப்புவது என்பதில் எனக்கே தடுமாற்றம் இருந்தது. எங்கள் பள்ளியில் கணீரென்று பேசும் ஒரு மாணவன் உண்டு. ஒத்திகையில் அவன் “முத்தமிழே, மூச்சுக் காற்றே” என்று தொடங்க, ஓய்வு பெற்ற நடத்துநர் எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார். அவனை விட்டுவிட்டு, எண்ணிக்கை நோட்டு வைத்திருந்த பையனையும் பூக்காரப் பாட்டியிடம் போன பெண்ணையும் தேர்ந்தெடுத்தோம். இருவரும் மெதுவாகப் பேசுகிறவர்கள். ஆனால் எங்கே குறுக்கே கேட்டாலும் பதில் அவர்களிடம் இருந்தது, மனப்பாடம் செய்யாததால். பதில் இல்லாத கேள்விக்கு, “தெரியவில்லை சார், பார்த்து வந்து சொல்கிறோம்” என்று சொல்லப் பழக்கினேன். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று சொல்ல நாம் எங்கே கற்றுக்கொடுத்திருக்கிறோம்?

மனு ஒரே பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள். முதல் பத்தியில் கோரிக்கை, நேரத்தோடு. இரண்டாவதில் மூன்று எண்கள். மூன்றாவதில் யாருக்கு என்ன சிரமம் வரும், அதைக் குறைக்க நாங்கள் என்ன செய்திருக்கிறோம். ‘தயவுகூர்ந்து’ ஒன்றே ஒன்று, அதுவும் நான் கெஞ்சிக் கேட்டதால் இருந்தது. நோட்டின் நகலை இணைத்தார்கள். கவிதை இல்லை.

பணிமனையில்

ஐந்து பேர் போனார்கள், நான் வாசலோரம் நின்றேன். மேலாளர் முதலில் கேட்டதே பூக்காரப் பெண்களைப் பற்றித்தான். “திரும்பும் நடையில் கூடைக்காரர்கள் வருவார்களே, அவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தால்?” அந்தப் பெண், “வருவார்கள் சார். ஏழு நிமிடம் பிந்தும். விளக்கு வைப்பதற்குள் கடைக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறோம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் தினமும் வண்டி நகரம் சேரும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கிறோம்” என்றாள். மேலாளர் நோட்டை வாங்கிப் புரட்டினார். அடித்துப் போட்ட முகூர்த்த வாரம் அதிலேயே இருந்தது. இது என்ன என்று கேட்டார். பையன் சொன்னான். அதற்குப் பிறகு அவர் எண்களைச் சந்தேகித்து எதுவும் கேட்கவில்லை.

மேலே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். நாலாவது வாரம் தகவல் வந்தது: பள்ளி வேலை நாட்களில் மட்டும், 12 அல்ல, 10 நிமிடம், ஒரு மாதச் சோதனை. பஸ் 4.15-க்கு வரும். பள்ளி 4.10-க்கு விட்டு, வாசலிலிருந்து நிறுத்தத்துக்கு ஓடினால் மூன்று நிமிடம். சின்னப் பிள்ளைகளின் பையைப் பெரியவர்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போட்டேன் என்று கேட்பார்கள். 20-க்கு 10 எதிர்ப்பக்கத்தைச் சொன்ன விதத்துக்கு, 5 நோட்டுக்கு, 5 கோரிக்கை வாக்கியத்துக்கு. பஸ் கிடைத்ததற்கு மதிப்பெண் இல்லை. கிடைக்காமல் போயிருந்தாலும் இதே கணக்குத்தான். ‘நாம் கேட்பது தப்பு’ என்று சொன்ன பெண்ணுக்குத்தான் அதிகம். கணீர்க் குரல் மாணவனின் அப்பா வந்து, என் பையன் மாவட்டப் பரிசு வாங்கியவன், அவனுக்கு ஏன் ஒன்பது என்று கேட்டார். அவன் யாரிடமும் போய்க் கேட்கவில்லை என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. அவருடைய பக்கத்தை அவரிடம் ஒருமுறை நான் சொல்லிக் காட்டியிருக்கலாம், அன்றைக்குத் தோன்றவில்லை.

சோதனை மாதத்தில் நகரத்துக்குப் படிக்கப் போகும் ஓர் அண்ணன், பஸ் சேரும் நேரத்தைத் தினமும் குறித்துக் கொடுத்தான். 22 நாட்களில் 19 நாட்கள் 5.40-க்குள். மூன்று நாட்கள் பிந்தியது. அதில் ஒரு நாள் ரயில்வே கேட். இந்தத் தாளை மேலாளரிடம் கொடுப்பதற்கு முன்பு பாட்டியிடம் காட்ட வேண்டும் என்று அந்த இரண்டு பெண்களும் போனார்கள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அந்த மூன்று நாளும் எனக்குத் தெரியும், என்ன விலைக்குப் போட்டேன் என்பதையும் எழுதிக்கொள்” என்றாராம். எழுதிக்கொண்டு வந்தார்கள். தாளின் கடைசியில் அதுவும் இருக்கிறது.